கழிக்க

ஐம்பது கோடியைத் தாண்டினால் கோப்பு சென்னைக்குப் போகும்.
ஆடியில் போனது தையிலும் திரும்பாது.
அதனால் நாற்பத்தொன்பது கோடியே தொண்ணூற்றாறு லட்சம்
என்று கூட்டுத்தொகையை முதலில் எழுதிக்கொண்டு
அதற்கு மேலே ஒரு விளையாட்டரங்கம் கட்டத் தொடங்கினேன்.

ரிங் ரோட்டுக்குக் கிழக்கே பதினோரு ஏக்கர்.
சீமைக்கருவேலம், குப்பைமேடு,
எந்தச் சாயப்பட்டறையோ இரவில் ஊற்றிவிட்டுப் போன
ஊதா நிறத்தில் ஒரு குட்டை.
ஜேசிபி நல்லியப்பன் ஒரு சுரண்டு சுரண்டிப் பார்த்து,
"மூணடிதானுங்க மேடம் மண்ணு. அப்பறம் ஓடக்கல்லு.
அதுக்குங் கீழ இருக்கறது வெடி வெச்சாத்தானுங்க பேசும்."

மண்ணுக்கு ஒரு விகிதம், பாறைக்கு ஆறு மடங்கு.
அஸ்திவாரமோ ஏழடி.
"சாதா மண்ணுன்னே போடு சுகுணா,
பாறை எங்க போயிரப் போவுது,
திருத்தின மதிப்பீட்டுல பாத்துக்கலாம்"
என்றார் செயற்பொறியாளர்.
சரிதான். பாறை எங்கும் போகாது.

கூரை முழுவட்டமாக இருந்தது, அரைவட்டமானது.
கணவாய்க் காற்று ஆடியில் என்ன செய்யும் என்பது
விதிப்புத்தகத்துக்குத் தெரியாது,
எங்கள் வீட்டுத் தகரத்துக்குத் தெரியும்.
ஆணி இரண்டு சதவீதம் கூட்டினேன்.
கிழக்கு மாடத்துப் பெண்கள் கழிப்பறை
'இரண்டாம் கட்டம்' என்ற ஊருக்குக் குடிபோனது.

பன்னிரண்டாயிரம் இருக்கை.
ஆர்டர் வந்தால் ஞாயிறும் ஷிப்ட் ஓட்டும் திருப்பூரில்
யார் வந்து உட்காருவார்கள்?
அந்தக் கேள்விக்கு விகிதப்பட்டியலில் எண் கிடையாது.

அளக்கப் போன நாளில் டேப்பின் மேல் பந்து உருண்டு வந்தது.
பனியன் கம்பெனி ஒடிசாப் பையன்கள், இரவு ஷிப்ட் முடித்தவர்கள்.
அவர்கள் மைதானத்துக்கு இதுவரை ஆன செலவு:
செங்கல் மூன்று.
பந்தை எறிந்தேன். டேப் நழுவிவிட்டது.
வடக்கு எல்லை நீளம் இன்றைக்கும் என் ஞாபகத்தில் இருந்து எழுதியதுதான்.

பக்கம் தொண்ணூற்றேழு. கழிக்க:
வேம்பு பதினான்கு, விறகு விலையில்,
மரம் ஒன்றுக்கு ஆயிரத்து நானூறு.

ராத்திரி பதினொன்றரைக்குக் கூட்டிப் பார்த்தேன்.
மறுபடியும் கூட்டினேன்.
நாற்பத்தொன்பது தொண்ணூற்றாறுக்கு
ஆயிரத்து நானூறு ரூபாய் குறைந்தது.
டீ ஆறியிருந்தது. ஆபீசில் யாரும் இல்லை.
பதினான்கை அடித்துப் பதின்மூன்று என்று எழுதி
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.

எந்த மரம் என்று எழுதவில்லை.