எந்தப் பக்கம்

ஞாயிறு காலை ஆறரைக்கு
ஷெனாய் நகர் பூங்காவில்
நாங்கள் நலம் விசாரித்துக்கொள்வதில்லை.
எந்தப் பக்கம் என்றுதான் கேட்போம்.

முன்னூற்றுப் பன்னிரண்டு என்றார் ஏகாம்பரம்,
காய்ச்சல் அளவைச் சொல்பவர்போல்
கொஞ்சம் கவலையாக, கொஞ்சம் பெருமையாக.
நஸீமா நானூற்று ஐந்து.
மகனை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு
வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து படிப்பவள்.
எட்டாம் அத்தியாயத்திலிருந்து
புத்தகத்தில் குளோரின் வாடையாம்.
ஃபிலோமினா அறுபத்தொன்றிலேயே மூடிவிட்டாள்.
"எனக்கு ஆயுசு கம்மிப்பா."
இருந்தும் வாராவாரம் வருகிறாள்
டப்பாவில் கொய்யா நறுக்கி எடுத்துக்கொண்டு,
நாங்கள் சண்டை போடுவதைப் பார்க்க.

நான் இருநூற்றுப் பதினாறு என்றேன்.
பொய்.
நூற்று நாற்பதில்
காலியான இரும்புச்சத்து மாத்திரை அட்டை
மூன்று வாரமாகச் செருகிக் கிடக்கிறது.
இருநூறு என்று சொல்லியிருந்தால்
யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.
பதினாறில்தான் என் கைவேலை.

எண்ணூறு பக்க நாவல்.
தூக்கிப் பிடித்தால் ஒரு கிலோ துவரம்பருப்பு.
நான்கு பிரதி வாங்கினால் தள்ளுபடி என்றார் கடைக்காரர்.
அந்தத் தள்ளுபடிதான் எங்கள் நட்பு.

எட்டு போட்டு நடப்பவர்கள்
எங்கள் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.
பூமிக்கு அடியில் மெட்ரோ.

நஸீமா ஆரம்பித்தாள்:
"ஒரு கிணத்தை நாலு பக்கத்துக்கு வர்ணிக்கிறாரு மனுஷன்.
தண்ணி லாரிக்குக் குடத்தோட நிக்கிறவகிட்ட
இப்படியா வெறுப்பேத்துறது?"
சிரித்தோம். அந்தச் சிரிப்பின் சூட்டில்
நானும் வாயைத் திறந்தேன்.
"அண்ணன்காரன் சாகிற இடம் இருக்கே,
நூத்தி முப்பத்தெட்டு,
அது எழுதினது இல்ல, பிழிஞ்சது.
அழு அழுன்னு முதுகுல தட்டுது.
அதுலயும் அந்தத் தம்பி
செத்தவன் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டு
வேலைக்குப் போறானாம்.
யார் சார் அப்படியெல்லாம் செய்வாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை.
ஏகாம்பரம் கொய்யாத் துண்டிலிருந்து
ஒரு விதையை நகத்தால் நீக்கினார்.
இன்னொரு விதையை நீக்கினார்.

"செய்வாங்க" என்றார்.

பிறகு, யாரோ எழுத்துப்பிழையைக் காட்டுவதுபோல்:
"ஆனா நீங்க சொல்றது சரிதான்,
அந்த இடம் சரியா வரல.
மத்தவன் சட்டைன்னா தோள் எறங்கும்.
தையல் இங்க நிக்கும், கைமேல.
பஸ்ஸுல கம்பியைப் பிடிக்கத் தூக்குறப்பல்லாம்
சட்டை மொத்தமா மேல ஏறும்.
அதை எழுதல அந்தாளு.
வாசனை வாசனைன்னு ரெண்டு பக்கம் எழுதிட்டாரு.
வாசனை ரெண்டு தொவைப்புல போயிடும்."

கட்டம் போட்ட சட்டை.
பார்க்கக் கூடாது என்று நினைக்கும்போதே
பார்த்துவிட்டேன் தையல் எங்கே நிற்கிறதென்று.

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா
என்று ஒரு கணம் யோசித்தேன்.
அது அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்காது.
அதற்குப் பதில்,
"நான் நூத்தி நாற்பதுதான்" என்றேன்.
"தெரியும்" என்றாள் ஃபிலோமினா,
டப்பாவை என் பக்கம் நகர்த்தியபடி.
"அந்த மாத்திரை அட்டை நகரவே இல்லையே.
முதல்ல ஒழுங்கா மாத்திரையை வாங்கிப் போடு."

காலடியில் இன்னொரு மெட்ரோ போயிருக்க வேண்டும்.
ஏகாம்பரம் முன்னூற்றுப் பன்னிரண்டில் விரலை வைத்து
கிணற்றுக்காக நஸீமாவோடு வாதாடத் தொடங்கினார்.
நன்றாகவே வாதாடினார்.

இரவு முப்பத்தெட்டுக்குத் திரும்பிப் போனேன்.
இப்போதும் மோசமான பக்கம்தான்.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்:
தோள் இறங்கும்.

நூற்று நாற்பத்தொன்று என்பேன் அடுத்த ஞாயிறு.
ஒரு வாரத்துக்கு ஒரே பக்கமா
என்று நஸீமா சிரிப்பாள்.
சிரிக்கட்டும்.
அட்டையை மட்டும் மாற்ற வேண்டும்.