கேட்டு

முதல் செய்தி பதினோரு விநாடி.
"கொருக்குப்பேட்டை கேட்டு மூடியிருக்கு.
கூட்ஸு நடுவுல நிக்குது. சுத்திப் போங்க."
தேசம்மாள் குரல்.
பின்னால் ஆட்டோ ஹாரன், யாரையோ யாரோ திட்டுவது.
அதையும் வெட்டாமல்தான் அனுப்பினோம்.
வெட்டத் தெரியாது அப்போது.

பேர் வைக்க ஒரு வாரம் சண்டை.
ஜெரோம் 'வடக்கின் முரசு' என்றான், அவனே சிரித்துவிட்டான்.
கடைசியில் 'கேட்டு'.
மூடினாலும் கேட்டு, காதில் விழுந்தாலும் கேட்டு.
எழுத்துப் பிழை என்று இன்னும் ஒருவர்
வாராவாரம் திருத்தி அனுப்புகிறார்.
சந்தா ஒழுங்காகக் கட்டுகிறவர்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை.
சத்தம் புகாமலிருக்கப் போர்வைக்குள் உட்கார்ந்து பதிவு.
மே மாதத்தில் செய்தி வாசிப்பது
மூட்டை தூக்குகிற வேலை.

தண்ணி லாரி எந்தத் தெருவில்,
காசிமேட்டு ஏலத்தில் சங்கரா என்ன விலை,
எண்ணூர்ப் பக்கம் காற்று எப்படி.
காற்றுக்கு நாங்களே ஒரு கணக்கு வைத்தோம்:
ஒன்று என்றால் தீக்குச்சி வாடை,
இரண்டு என்றால் அழுகின முட்டை,
மூன்று என்றால் பிள்ளைகளை உள்ளே கூப்பிடு.
பர்வீன் மொட்டைமாடியில் நின்று
மூக்கால் எண் சொல்வாள்.
கருவி பிறகு வந்தது.
கருவியும் பர்வீனும் ஒத்துப்போகாத நாளில்
இரண்டையும் சொன்னோம்.

நிதி கேட்டுக் கிண்டிக்குப் போனோம், ரெண்டு பஸ் மாறி.
ஏசியில் தேசம்மாளுக்குத் தும்மல்.
"உங்க வருமானத்துக்கு வழி?"
"மாசம் பத்து ரூபா சார். மீன் வாங்கின மிச்சம்."
"இது ஸ்கேல் ஆகுமா?"
"எந்தத் தராசு சார்?" என்று அவள் கேட்டதாக
ஜெரோம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.
கேட்கவில்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.
"தெரியாது சார், இந்த ரோடு தெரியும்" என்றாள்.

ஆறு மாதத்துக்குப் பணம். இரண்டு மைக்.
வெள்ளிக்கிழமைதோறும் கணக்கு சொல்லித்தர ஓர் அம்மா.
செலவுப் பக்கத்தைத் திறந்ததும் அவர் கேட்டது:
"உங்க சம்பளம் எங்க?"
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
அந்த வரியை அவரே பேனாவால் எழுதினார்,
வாடகைக்கு மேலே.

அப்புறம் மணலியிலிருந்து ஒருவர் வந்தார், இஸ்திரி கலையாத சட்டை.
மாதம் முப்பதாயிரம் விளம்பரம்.
எல்லாம் சொல்லுங்கள், அந்த எண் மட்டும் வேண்டாம்.
இல்லை என்று உடனே சொல்லவில்லை நாங்கள்.
அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.
ஒரு ராத்திரி முழுக்கக் கூட்டிக் கழித்தோம்.
விடிந்ததும் பர்வீன் மாடியேறினாள்,
இருமிக்கொண்டே மூன்று என்றாள்.
அனுப்பினோம்.
அந்த மாதம் சம்பள வரியில் பாதிதான் நிரம்பியது.

ஆனால் எங்களுக்கு முதுகு நிமிர்ந்தது அன்றைக்கல்ல.
ஜீவா நகர் எட்டியம்மாள்
காலிக் குடத்தோடு மரப்படி ஏறி வந்த அன்றைக்கு.
"ஆறு மணிக்கு லாரின்னு சொன்னீங்க.
எட்டு வரைக்கும் நின்னேன். வேலைக்குப் போவல.
என் பத்து ரூபாயக் குடு."

இலவசமாய் வந்த பொய்யை
யாரும் படியேறி வந்து திருப்பிக் கேட்டதில்லை.
தேசம்மாள் டப்பாவைத் திறந்து எண்ணிக் கொடுத்தாள்,
அஞ்சு ரூபாய் நாணயம் ரெண்டு.
மறுநாள் முதல் செய்தி:
"நேத்து நாங்க சொன்னது தப்பு.
லாரி டிரைவர்கிட்ட கேக்காம சொல்லிட்டோம்."

கணக்கு அம்மா நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்து நின்றார்.
'தப்பு: ரூ. 10.'
இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?
யோசித்தார். அடிக்காமல் விட்டுவிட்டார்.

எட்டியம்மாள் திரும்பச் சேரவில்லை.
பக்கத்து வீட்டு ஃபோனில் கேட்கிறாளாம்,
சத்தம் கூட்டி வைக்கச் சொல்லி.

மணி ஐந்து நாற்பது.
போர்வைக்குள் போகிறாள் தேசம்மாள்.
ஜெரோம் தண்டவாளத்தருகே இருந்து போனில்:
கேட்டு இன்னும் திறக்கல,
இரு, நேர்ல போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்.