நாற்பது நிமிடம்

பத்து மூசாங் படகுத்துறையில்
ஆளுக்கு இருபத்தைந்து ரிங்கிட்.
"டால்பின் இருக்கா?"
காசை நீட்டாமலே கேட்டாள் மோகனசுந்தரி.
"இருக்கு. இன்றைக்கு வருமா என்று
அதனிடம்தான் கேட்கணும்"
என்றார் படகோட்டி சொஹைமி.
அவர் மலாயில் சொன்னதற்கு
நாங்கள் சிரித்து முடிப்பதற்குள்
எஞ்சின் இருமத் தொடங்கிவிட்டது.

ஐந்து பேரும் ஒரே இரவு ஷிப்டு.
காலை ஏழுக்கு விரலைப் பதித்துவிட்டு
பாலம் கடந்து நேரே வந்தோம்.
கண்ணெல்லாம் மணல்.
பன்னிரண்டு மணி நேரம்
மைக்ரோஸ்கோப்பில் சில்லு பார்த்த கண்
வெயிலையும் முதலில் ஒரு குறையாகத்தான் பார்த்தது.

கீறல். துகள். கறை. உடைந்த விளிம்பு.
நான்கில் ஒன்று இருந்தால் சிவப்புத் தட்டு.
பதினோரு வருடமாக
என் மொழி இவ்வளவுதான்.

தலைக்கு மேல் செம்பருந்து இரண்டு.
"கோழித்தோல் போட்டால் கிட்ட வருமாமே?"
பூன் ஹுவாட் எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான்.
"வரும். நான் போடுவதில்லை.
போட்டால் அதுவும் கோழிதான்"
என்ற சொஹைமி
சுக்கானை முழங்காலால் திருப்பினார்.
பருந்து எங்களை ஒரு வட்டம் போட்டுப் பார்த்தது,
ஒன்றும் தேறாது என்று
நிபோங் தெபால் பக்கம் போய்விட்டது.

அதற்குள் மோகனசுந்தரி தூங்கியிருந்தாள்.
லைஃப் ஜாக்கெட்டின் ஆரஞ்சுக்குள்
தாடை புதைந்து,
வாய் லேசாகத் திறந்து,
அலை தூக்கினால் தூக்கிய பக்கம்.

பூலாவ் கெடோங் பாறைக்குப் பின்னால்
எஞ்சினை அணைத்தார்.
சத்தம் போனபின்தான் தெரிந்தது
இத்தனை நாள் எவ்வளவு சத்தம் என்று.
சேற்றில் ஏதோ சொடுக்கு விட்டது.
பெலாச்சாக் ஒன்று
நீரும் வேண்டாம் நிலமும் வேண்டாம் என்று
இரண்டுக்கும் நடுவில் முட்டிக்கால் போட்டிருந்தது.

பிறகு தண்ணீர் தும்மியது.

ஒரு தலை. மூன்று. ஏழு.
நீர்நாய்கள்.
எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய மாதிரி தலை,
மீசையில் சொட்டு.
"எங்கள் ஊரில்" என்றான் ரஃபிக்குல்
மூச்சுக்கும் பேச்சுக்கும் நடுவான குரலில்,
"இதைக் கயிற்றில் கட்டி மீன் பிடிப்பார்கள்."
இல்லாத கயிற்றை அவன் விரல்
தானாகவே தளர்த்திக்கொண்டிருந்தது.

கடைசியாக ஏறியதற்கு
வலது காது பாதி இல்லை.
வால் நுனியும் எங்கேயோ போயிருந்தது.
உடைந்த விளிம்பு, என்றது என் கண்.
கை சிவப்புத் தட்டைத் தேடியது.
அது பாறையில் உட்கார்ந்து
கூட்டத்திலேயே பெரிய மீனைத்
தலையிலிருந்து தின்னத் தொடங்கியது.
முறுக்குக் கடிக்கிற சத்தம்.
தின்றுகொண்டே எங்களைப் பார்த்தது,
ஒவ்வொருவராக,
அவசரமே இல்லாமல்.

மோகனசுந்தரியை எழுப்பக்
கை நீட்டினேன்.
ஷிப்டு முடிந்து சாப்பாட்டுக் கடையில்
பதினொன்று வரை பாத்திரம் கழுவுகிறவள்.
இன்றைக்கு லீவு சொல்லி வந்தவள்.
கை பாதி வழியில் நின்றது.
ரஃபிக்குலும் பார்த்தான். அவனும் நீட்டவில்லை.
தப்பா சரியா, இப்போதும் தெரியவில்லை.

எஞ்சின் மறுபடி இருமியதும்
ஏழும் இல்லை.
பாறையில் செதில் மட்டும்,
யாரோ சில்லறை எண்ணிவிட்டு
எடுக்க மறந்த மாதிரி.

துறை நெருங்கும்போது கண் விழித்தாள்.
கன்னத்தில் வாரின் தடம்.
"வந்துச்சா?"
நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
"டால்பினா? வரல" என்றேன்.
பொய் இல்லை.
"நெனச்சேன்" என்றாள்,
"இருபத்தைந்து ரிங்கிட் தண்டம்.
ஆனா நல்லாத் தூங்கினேன், தெரியுமா."

இரவு ஏழு மணிக்கு மறுபடி உள்ளே.
என் நாற்காலிக்கு அடுத்தது அவளுடையது.
முதல் தட்டு, முதல் சில்லு.
மூலையில் பாதி இல்லாத ஒரு விளிம்பு.
சிவப்பில்தான் போட்டேன்,
போடாமல் என்ன செய்ய.
போடுவதற்கு முன்
கொஞ்சம் அதிகமாகப் பார்த்தேன்.

"என்னடி சிரிக்கிற?" என்றாள்
லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.