நாற்பது நிமிடம்

ஒன்பது பத்துக்கு க்ளெனிஸ் கிளம்பினாள்,
பக்கத்து இருக்கையில் வாய் திறக்காத ஒரு தேர்வாளர்.
இது ஐந்தாவது தடவை.
நெவிலுக்குக் கிடைத்தது சத்தம் மட்டும்:
முதல் கியர் இருமியது,
பிறகு மழை.

முப்பத்தெட்டு வருடம் ஓட்டியவன்.
இப்போது கண்ணின் நடுவில் ஒரு கறை.
யாரை நேராகப் பார்த்தாலும் முகம் இல்லை,
காதும் தோளும்தான்.
உலகம் ஓரங்களுக்குக் குடிபோய்விட்டது.

ஹாலிஃபாக்ஸ், காத்திருப்பு அறை.
நான்கு பிளாஸ்டிக் நாற்காலி.
கூட்டவும் குறைக்கவும் முடியாத ஒரு ஹீட்டர்.
எழுந்தான். உட்கார்ந்தான். எழுந்தான்.
"சுட்ட செங்கல்மேல் விட்ட பூனை மாதிரி இருக்கிறீர்களே"
என்றாள் எதிரில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தவள்.
சொன்னதும் வந்துவிட்டது பூனை,
சாம்பல் நிறம், இடது ஓரத்தில்,
ஒவ்வொரு பாதமாகத் தூக்கி உதறிக்கொண்டு.

அடுத்த முறை அவள் மகனுக்கு.
அவன் முழங்கால் தையல் மெஷினாய் அடிக்க
"கால்சட்டைக்குள் எறும்பா உனக்கு?" என்று அதட்டினாள்.
எறும்புகளும் வந்தன, வரிசை தவறாமல்.
"வயிற்றில் பட்டாம்பூச்சிம்மா" என்றான் பையன்.

(நமக்குப் புளியைக் கரைக்கும் அதே இடத்தில்
அவர்களுக்கு இறக்கை அடிக்கிறது.
புளியாவது ஒரு கட்டத்தில் கரைந்து முடியும்.)

குடையை உதறியபடி ஜுபைர் வந்தார், பயிற்சியாளர்.
ஆறு மாதமாய் ஒரே ரவுண்டானா, ஒரே மாணவி, ஒரே தப்பு.
"என் கயிறு முடிந்துவிட்டது, அவ்வளவுதான்."
எந்தக் கயிறு என்று நெவில் கேட்கவில்லை.
முளையில் கட்டிய ஆடு ஒன்று
எட்டிய புல்லையெல்லாம் வட்டமாய் மேய்ந்துவிட்டு
கழுத்து இறுக
எட்டாத ஒரு பிடிப் பச்சையைப் பார்த்தபடி
வலது ஓரத்தில் நின்றது.

அறை நிரம்பிவிட்டது.
நேராகத் திரும்பினால் ஒன்றுமில்லை.

ஒன்பது நாற்பது.
அவனுக்கென்று மிச்சமிருந்தது ஒரு சொல்தான்,
அதுவும் காலடியில்.
வெளியே கார்கள் நிற்கும் இந்த மேடு
ஒரு காலத்தில் நனைந்த கம்பளித் துணி காய்ந்த இடம்.
சட்டத்தின் மேலும் கீழும் கொக்கி வைத்து
சுருங்கவிடாமல் இழுத்து மாட்டுவார்கள்.
கொக்கியில் தொங்குகிறேன் என்று இன்னும் சொல்கிறார்கள்,
துணி போய், கொக்கி போய்,
இழுப்பு மட்டும் மிஞ்சி.
நெவில் சொல்லவில்லை.
அவன் தோள்கள் இரண்டும் சொல்லின.

கார் திரும்பியது.
கைப்பிரேக்.
அப்புறம் நீளமாய் ஒன்றுமேயில்லை.
அப்புறம், பானெட்டிலிருந்து
சிவப்பு 'எல்' ஸ்டிக்கரை உரிக்கும் சத்தம்.
பின்பக்கமும் போய் இன்னொன்றை.

ஓடினான்.
பழக்கத்தில் வலப்பக்கக் கதவைத் திறந்தான்.
அங்கே ஒரு தோள், ஒரு காது,
மூக்கை உறிஞ்சும் சத்தம்.
"அந்தப் பக்கம்" என்றாள் க்ளெனிஸ்.

சுற்றிப்போய் உட்கார்ந்தான்.
பூனை வருகிறதா, ஆடு வருகிறதா என்று
ஒருமுறை பின்னால் திரும்பினான்.
மழைதான்.

முதல் சிக்னலில் அவள் கொஞ்சம் தாமதித்து நிறுத்த,
இல்லாத பிரேக்கை
அவன் வலது கால் தரையோடு சேர்த்து மிதித்தது.

"நெவில்,
காலை எடு."