திருத்தம் நான்கு

சீட்டின்படி நூறு கிலோ கடற்பாசி உள்ளே போகிறது.
அகர் எட்டு. சக்கை இருபத்தாறு.
மண்ணும் கிளிஞ்சலும் பதினொன்று.
ஆவியாய்ப் போன ஈரம் நாற்பத்தாறு.
கூட்டினால் தொண்ணூற்றொன்று.

உச்சிப்புளியில் தகரக் கூரை போட்ட வாடகைக் கூடம்.
போனது வெளியே வரவேண்டும்,
வராவிட்டால் உள்ளே கிடக்கவேண்டும்.
தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம்,
வடிகட்டித் துணியை உதறி எடை போட்டோம்.
இருபது கிலோ எடைக்கல்லைத் தராசில் ஏற்றி
நூகு சத்தமாக வாசித்தான்: இருபது.

ஒன்பதைக் காணோம்.

முதலாளி போனில் சொன்னார்:
"பத்து சதவீதம் கூடுதலா வச்சு வரைஞ்சுடும்மா,
எல்லாரும் அதைத்தானே செய்றாங்க."
செய்கிறோம்தான்.
தெரியாததன்மேல் பத்து சதவீதம் தகடு அடித்து
பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறோம்.
கொதிகலன் ஒரு சுற்று பெருக்கும், பம்பு பெருக்கும்,
இல்லாத ஒன்பதுக்காக
இருபது வருஷம் விறகு எரியும்.

மறுநாள் வேதாளைக்குப் போனேன்.
விரல்களில் துணி சுற்றி, பாதங்களில் தகடு கட்டி,
பெருக்கு ஏறுமுன் கரையேறினார்கள் பெண்கள்.
பெரியநாயகியின் சாக்கு முப்பத்திரண்டு கிலோ.
தரகர் எழுதியது இருபத்தொன்பது.
"ஈரக்கழிவு" என்றார், என்னைப் பார்க்காமல்.
அதே சாக்குகள் லாரியில் ஏறியதும்
குடம் குடமாய்க் கடல்தண்ணீர்.
"வெயில்ல காஞ்சிடும் மேடம்."
எடைமேடையில் சீட்டு வாங்கிக்கொண்டு
லாரி கிளம்பியது.
பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தேன்.
கூடம்வரை தார்ரோட்டில் ஈரக்கோடு.

என் வரைபடத்திலும் ஒரு கோடு உண்டு,
புள்ளி புள்ளியாய், கணக்கு தொடங்கும் எல்லை.
ஆலை வாசலில் அதை நிறுத்தியவள் நான்தான்.
அழித்தேன்.
கிழக்கே நகர்த்தினேன், அலை தொடும் இடம்வரை.
முதல் உபகரணம், எண் 101:
கரையில் ஒரு தராசு.
முள் தெரியும் முகம் பெண்கள் பக்கம்.

"இதெல்லாம் கெமிக்கல் வேலையா?" என்றார் முதலாளி.
கொதிகலன் ஓர் அளவு சிறுத்ததில்
மிச்சமாகும் தொகையைச் சொன்னேன்.
மற்றதைச் சொல்லவில்லை.

இப்போது கூட்டினால் தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு.
மீதி நூகுவின் நகக்கண்ணில் ஒட்டியிருக்கலாம்.
'தெரியாது' என்றே எழுதிக் கையெழுத்திட்டேன்.

தாளின் வலது ஓரத்தில்
கழிவுநீர்க் குழாய் ஒன்று
எங்கும் சேராமல் நிற்கிறது.
கடலுக்கு என்று ஓர் அம்புக்குறி போட்டுவிடலாம்,
அரை நிமிஷ வேலை.
இடுப்பளவு நீரில் அவர்கள் குனிந்திருக்கும் இடம்
அந்த அம்பின் நுனி.

அது திருத்தம் ஐந்து.