தொட்டதா

இருபத்துநான்கு நொடிக் கடிகாரம் என் பொறுப்பு.
வெண்ட்ஸ்பில்ஸ் துறைமுகத்தில்
பகலெல்லாம் நிலக்கரி நிறுப்பவன்,
ஆட்ட நாட்களில் நேரம் நிறுக்கிறேன்.

இரண்டுக்கு இரண்டு. இது ஐந்தாவது.
இங்கே இரண்டை வென்று
கிரேக்கக் கடலோரத்தில் இரண்டையும் தொலைத்துவிட்டு
வந்திருந்தார்கள் எங்கள் பையன்கள்.
தாங்க்மார்ஸின் கணுக்காலில் மூன்று சுற்றுப் பட்டை.

ஒரு புள்ளி பின்னால்.
என் கடிகாரத்தில் மூன்று நொடி.
எறிந்தான்.
வலையின் வெளிநூலை உரசி இறங்கிய பந்தை
நொண்டிக்கொண்டே ஓடி அவனே பிடித்தான்.

தொட்டது, தொட்டது என்றன மூவாயிரம் தொண்டைகள்.
என் மனைவி ஸைகாவின் தொண்டையும் அதில் ஒன்று.
என் காது மட்டும்
இரும்புச் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

வளையத்தைத் தொட்டிருந்தால்
புதிதாகப் பதினான்கு நொடி.
கட்டைவிரலுக்கு அடியில்
பால்பல்லைப் போல ஆடியது பொத்தான்.

அழுத்தவில்லை.

சங்கு ஊதிவிட்டது.
நடுவர்கள் மூவரும் திரைமேல் குனிந்தார்கள்.
ஒரு கோணத்தில் தொட்டது,
ஒரு கோணத்தில் தொடவில்லை.
பந்து கிரேக்கர்களிடம் போனது,
கோப்பையும் அதன் பின்னாலேயே.

வாகன நிறுத்தத்தில் ஸிக்மார்ஸ்
என் முகத்தைப் பார்க்காமலிருக்க
கார்க் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.
மே மாதம்.

ஸைகா ஓட்டினாள். பேச்சில்லை.
பாலத்தருகே சிவப்பு விளக்கு
எண்களை இறக்கிக்கொண்டிருந்தது.
ஆறு. ஐந்து.
"தொட்டுச்சா?"
"இல்ல."

பச்சை விழுந்தது.
பின்னால் ஒருவன் ஒலிப்பானை அழுத்தினான்.
அவள் இன்னும்
வண்டியை எடுக்கவில்லை.