தயாரிப்பு நாடு

விண்ணப்பத்தில் ஏழாவது கேள்வி அது.
ஆறு வரைக்கும் எழுதிவிட்டேன்:
சங்கத்தின் பெயர், பதிவிலக்கம், வட்டை, ஏக்கர்,
போன பெரும்போகத்தில் யானை தின்ற அளவு.
மிதித்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது
என்று சாமித்தம்பி கேட்டார்.
மூன்றில் ஒன்று என்று போட்டேன்.

ஏழு: துவக்கின் தயாரிப்பு நாடு.

வெல்லாவெளிக்கு மேற்கே
பல்நோக்கு மண்டபத்தில் கரண்ட் இல்லை.
இருபத்தாறு பேர். ஆளுக்கு நாலாயிரம்.
காசு என் மடியில், பிஸ்கட் ரின்னுக்குள்.

மேகராசா எழும்பினார்.
"இத்தாலிச் சாமான் எடுப்பம். இரட்டைக்குழல்.
பத்து மாரி நனைஞ்சாலும் கறள் ஏறாது.
காசு காணாட்டி என்ட மாட்ட விக்கிறன்."

பின்னாலிருந்து ஒரு குரல்:
"தோட்டா ஒண்டு அரை மரைக்கால் நெல் விலை.
அதுக்கு யானைக்குச் சோறே ஆக்கிப் போடலாம்."

பிறகு உள்ளூர்க் கட்சி.
"இடியன் போதும்கா. தண்ணிக்குழாய்,
முதிரைக் கட்டை, சைக்கிள் கம்பி.
பட்டறையில விடியக் குடுத்தாப் பின்னேரம் எடுக்கலாம்.
உடைஞ்சா அவனே ஒட்டித் தருவான்.
இத்தாலிக்காரன் வெல்லாவெளிக்கு வருவானா?"
சொன்னது வேலாப்போடி.
சொல்லும்போது இடக்கையை
சாரன் மடிப்புக்குள் வைத்திருந்தார்.
அந்தக் கையில் விரல் மூன்று.
நம்ம ஊர்ச் சாமானுக்கு
யானையையும் தெரியும், சுட்டவனையும் தெரியும்.

பூரணிப்பிள்ளை எழும்பவில்லை.
இருந்தபடியே சொன்னாள்:
"எங்கட மனிசனக் கொண்டுபோன கட்டுத்துவக்கு
உள்ளூர்தான். பண்டிக்குக் கட்டினது.
கட்டினவன் செத்தவீட்டுக்கு வந்து
பந்தலும் போட்டுத் தந்தான்."

கொஞ்ச நேரம் நுளம்பு மட்டும் பேசியது.

இந்தச் சாமான்கள் எங்களுக்குப் புதிதில்லை.
எட்டாம் வகுப்பில் நான்
ஆறு நாட்டுத் துவக்கைச் சத்தத்தில் பிரிப்பேன்.
ஈரத்துணி உதறினமாதிரி என்றால் ஒன்று.
பலகையில் ஆணி அறைந்தமாதிரி என்றால்
இன்னொன்று, அது கடல் தாண்டி ரெண்டு கை மாறினது.
படுவான்கரைப் பிள்ளைகள் எல்லாரும்
அதில் கெட்டிக்காரர்.
அதே நாடுகளை
உலகப்படத்தில் காட்டச் சொன்னால்தான் முழிப்போம்.

என் வலக் கெண்டைக்காலில்
ஒரு சன்னம் தங்கிவிட்டது. கூதலுக்குக் குடையும்.
போன வருஷம் ஆசுப்பத்திரியில்
படம் பிடித்த பெடியன்
வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினான்:
பாசிப்பயறளவு வெள்ளை.
"ஆர்ர துவக்கு அக்கா?"
உற்றுப் பார்த்தேன்.
எழுத்து ஒன்றும் இல்லை.

கை தூக்கச் சொன்னேன்.
இத்தாலிக்குப் பதினொன்று.
இடியனுக்கு ஒன்பது;
அது சட்டத்துக்குப் பிழை, விண்ணப்பத்தில் எழுத ஏலாது
என்று நான் சொன்ன பிறகும் ஒன்பது.
வேலாப்போடி எந்தக் கை என்று யோசித்து
வலதைத் தூக்கினார்.
மிச்சம் ஆறு பேர், நானும் சேர்த்து,
கையை மடியிலேயே வைத்திருந்தோம்.

தெற்கு வட்டையில் நாய் ஊளையிட்டது.
யானைவெடி ஒன்று. பொறுத்து இன்னொன்று.
பிறகு தகரம் தட்டுகிற சத்தம்,
ஒரு பெண் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம்.
எல்லாரும் ஓடினார்கள்.
வெடி எந்த நாட்டுச் சாமான் என்று
ஒருவரும் கேட்கவில்லை.

கிழமை மூன்று கழித்து
கச்சேரியிலிருந்து விண்ணப்பம் திரும்பி வந்தது.
ஏழைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.
அதற்குள் ஒற்றையன் இரண்டு தரம் வந்துபோய்விட்டான்.
பயிர் குடலை. அவனுக்குப் பிடித்த பருவம்.

பேனையை எடுத்தேன்.
படலையில் யாரோ செருமினார்கள்.
மேகராசா.
மாட்டை விற்றுவிட்டாராம்.
கயிறு இன்னும் கையில்.